பேனா, பேஜர், ஐபேட்: அடிபட்ட மூளையோடு கல்லூரிக்குத் திரும்பியவர்களின் வரலாறு

இது நம்ம எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த திக்கல், ரெண்டு தடவை சொன்னது எல்லாத்தையும் எடுத்துட்டோம். பேச்சு நடையை முடிஞ்ச அளவு அப்படியே விட்டிருக்கோம்.

இன்னைக்கு எபிசோட் ஒரு இன்ஜினியரிங் மாணவர்கிட்ட இருந்து தொடங்குது. பேரு லெவ் ஜசெட்ஸ்கி. சோவியத் யூனியனைச் சேர்ந்தவர். பாலிடெக்னிக் இன்ஸ்டிடியூட்ல மூணு வருஷப் படிப்பை முடிச்சிருந்தார். அதுக்குள்ள போர் வந்துடுச்சு, ராணுவத்துக்குப் போனார். 1943 மார்ச் மாதம், ஸ்மோலென்ஸ்க் போர்முனையில் ஒரு துப்பாக்கிக் குண்டு அவர் மண்டையோட்டின் இடது பக்கத்தை, பின்பகுதியில் துளைத்தது. அப்போ அவருக்கு வயசு 23.

உயிர் தப்பினார். ஆனால் பார்வையில் வலது பக்கம் பாதி காணாமல் போயிருந்தது. எழுத்துகள் தெரியவில்லை. யானை பெருசு, ஈ சின்னதுன்னு தெரியும். ஆனா "ஈயை விட யானை பெரியது", "யானையை விட ஈ பெரியது", இந்த ரெண்டில் எது சரின்னு கேட்டா சொல்ல முடியாது. அம்மாவோட மகள், மகளோட அம்மா, இது ரெண்டும் ஒரே ஆளா வேற வேற ஆளான்னு பிடிபடாது. மெக்கானிக்ஸ் படிச்ச ஒருத்தருக்கு இந்த நிலைமை.

அதைவிடக் கொடுமையான ஒண்ணு இருக்கு. தனக்கு என்ன போச்சுன்னு அவருக்கு முழுசாத் தெரிஞ்சிருந்தது. மூளையின் முன்பகுதி அடிபடவே இல்லை. விரும்புறது, திட்டமிடுறது, விடாம முயற்சி பண்றது எல்லாம் அப்படியே இருந்தது.

லூரியா கண்டுபிடிச்ச சுற்று வழி

அந்த வருஷமே அவரைச் சந்தித்தவர் அலெக்ஸாண்டர் லூரியா. நரம்பு உளவியல்னு இன்னைக்கு நாம சொல்ற துறையைக் கட்டி எழுப்பினவர்களில் முக்கியமானவர். ஜசெட்ஸ்கிக்கு மறுபடி எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாங்க. ஒவ்வொரு எழுத்தா யோசிச்சு எழுத வச்சாங்க. ஒரு எழுத்து ஞாபகம் வரவே நிமிஷக்கணக்கில் ஆச்சு.

ஒரு நாள் மருத்துவர் வேற மாதிரி சொன்னார். எழுத்தைப் பத்தி யோசிக்காதீங்க, கையை எடுக்காம ஒரே இழுப்பில் முழு வார்த்தையையும் எழுதுங்க. எழுதிட்டார்! எழுத்துகளை ஒவ்வொண்ணா தேடி எடுக்கிற வழிதான் மூளையில் உடைஞ்சிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கை பழகின இயக்கம் அப்படியே இருந்தது.

அன்னைக்குத் தொடங்கி ஏறத்தாழ 25 வருஷம் எழுதினார். சுமார் 3,000 பக்கம். சில நாள் சில வரிகள்தான் வரும். தான் எழுதினதைத் தானே சரளமா படிக்கவும் முடியாது. அந்தக் குறிப்புகளையும் தன் விளக்கங்களையும் சேர்த்து லூரியா 1971ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார்.

லூரியா சொன்ன அடிப்படைக் கருத்தை நம்ம ஊர் மொழியில் சொல்றேன். ஆத்துப் பாலம் இடிஞ்சு போச்சு. அது முளைச்சு வரும்னு காத்திருக்க முடியாது. ஆனா ஊருக்குப் போறதுக்கு வேற ரோடு இருக்கலாம். கொஞ்சம் சுத்து, நேரம் கூட ஆகும், ஆனா ஊர் போய்ச் சேரலாம். அந்தச் சுற்று வழியைக் கண்டுபிடிச்சுப் பழக்கிக் கொடுக்கிறதுதான் மறுவாழ்வுன்னு அவர் நினைச்சார். இன்னைக்கு எபிசோட்ல வரப்போற எல்லாக் கருவிகளும் இந்தச் சுற்று வழிகள்தான்.

ஆனா ஒரு விஷயம் பாருங்க. 3,000 பக்கம் எழுதின அந்த மாணவர் தன் இன்ஜினியரிங் படிப்பை முடிக்கவே இல்லை. படிக்கணும்ங்கிற ஆசை கடைசி வரை இருந்தது. எழுதுறதுக்கு ஒரு வழி கிடைச்சது. வகுப்பறைக்கு வழி கிடைக்கலை.

பிழைத்தவர்கள் பெருகிய காலம்

போர் நடந்த அதே வருஷங்களில் இங்கிலாந்துக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் ஹ்யூஸ் என்ற பெண்கள் கல்லூரியை 1940ல் அரசு தலைக்காய ராணுவ மருத்துவமனையாக மாத்திடுச்சு. 1945க்குள் 13,000 பேருக்கு மேல் அங்கே சிகிச்சை பெற்றார்கள். மாணவிகளை வெளியே அனுப்பிட்டு மூளையில் அடிபட்டவங்களை உள்ளே கொண்டுவந்தாங்க. ரெண்டு தரப்பும் ஒரே கல்லூரியில் சேர்ந்து படிக்கலாம்னு அன்னைக்கு யாருக்கும் தோணியிருக்காது.

அந்த மருத்துவமனைக்குப் பின்னால் இருந்தவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்தவங்களுக்கு அந்த முதல் காட்சி, மோட்டார் சைக்கிள் விபத்து, ஞாபகம் இருக்கும். 1935ல் அந்த விபத்தில் அடிபட்ட லாரன்ஸைப் பார்த்த மருத்துவர்களில் கெய்ர்ன்ஸும் ஒருவர். ஆறு நாளில் லாரன்ஸ் இறந்துட்டார். கெய்ர்ன்ஸ் மோட்டார் சைக்கிள் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941ல் ஹெல்மெட்டின் அவசியம் பத்தி எழுதினார். அந்த வருஷமே பிரிட்டிஷ் ராணுவத்தில் பைக் ஓட்டுறவங்களுக்கு ஹெல்மெட் கட்டாயமாச்சு. பொதுமக்களுக்கு அங்கே அந்தச் சட்டம் வந்தது 1973ல்தான்.

எழுபதுகளில் இன்னும் ரெண்டு மாற்றம். 1971 அக்டோபரில் லண்டன் விம்பிள்டனில் ஒரு மருத்துவமனையில் முதல் முறையா ஒரு நோயாளிக்கு மூளை சி.டி. ஸ்கேன் எடுத்தாங்க. உள்ளே ரத்தம் கட்டியிருக்கான்னு மண்டையைத் திறக்காமலேயே பார்க்க முடிஞ்சது. 1974ல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் கோமா அளவுகோலை வெளியிட்டாங்க. கண் திறக்கிறாரா, பேசுறாரா, கை கால் அசைக்கிறாரா என்று பார்த்து மதிப்பெண் போடுற முறை. இன்னைக்கும் நம்ம ஊர் ஆக்ஸிடென்ட் வார்டுல "ஜி.சி.எஸ். எவ்வளவு?"னு கேட்கிறது அதைத்தான்.

இதோட விளைவு என்ன? முன்னாடி செத்துப் போயிருக்கக்கூடியவங்க பிழைச்சாங்க. தலைக்காயம் ரொம்ப அதிகமா வர்ற வயசுக் கூட்டங்களில் ஒண்ணு பதின்வயசின் கடைசியும் இருபதுகளின் தொடக்கமும். அதாவது காலேஜ் வயசு. ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சு அவங்க திரும்பி வந்து வகுப்பில் உட்கார்ந்தாங்க.

லெக்சர்னா நாலு வேலை

இங்கே கொஞ்சம் நிறுத்தி, மூளைக்காயம் ஒரு மாணவரை எப்படிப் பாதிக்குதுன்னு பார்ப்போம். இது தெரியாம கருவிகளோட கதை புரியாது.

ஒரு லெக்சர்ல நாம நாலு வேலையை ஒரே நேரத்தில் செய்றோம். காதில் விழுறதைப் புரிஞ்சுக்கிறோம். அதில் எது முக்கியம்னு பிரிக்கிறோம். ஒரு வாக்கியத்தைத் தலையில் பிடிச்சு வச்சுக்கிட்டே எழுதுறோம். எழுதும்போதே அடுத்த வாக்கியத்தைக் கேட்கிறோம். மூளையில் அடிபட்டவங்களுக்கு யோசிக்கிற வேகம் குறையலாம், கவனத்தைப் பிரிக்கிறது சிரமமாகலாம். எழுத ஆரம்பிச்சா கேட்கிறது நின்னுடும். கேட்டா எழுத முடியாது. புத்தி அப்படியே இருக்கும், பழைய பாடம் எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கும். புதுசா வர்றது தங்காது. சாயங்காலம் ஆகுறதுக்குள்ள மத்தவங்களுக்கு மூணு நாள் வேலை பார்த்த மாதிரி களைப்பு வரும்.

இன்னொண்ணு, செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய நேரத்தில் ஞாபகம் வச்சுக்கிறது. அசைன்மென்ட் வியாழக்கிழமைன்னு கேட்டா சரியா சொல்வாங்க. வியாழக்கிழமை வரும், போகும், அந்த நினைப்பே வராது.

என் கூடப் படிச்ச ஒருத்தன் பைக் விபத்துக்கு அப்புறம் ஒரு செமஸ்டர் விட்டு வந்தான். தலையில் தழும்பை முடி மூடிடுச்சு. நடை, பேச்சு எல்லாம் நார்மல். "ஆக்ஸிடென்டைச் சாக்கா வச்சு ஓபி அடிக்கிறான்"னு ஸ்டாஃப் ரூம்ல பேசினதை நானே கேட்டிருக்கேன். கால் உடைஞ்சிருந்தா மாவுக்கட்டு சாட்சி சொல்லும். மூளைக்கு அப்படி ஒண்ணு கிடையாது. இந்தக் காயத்தோட பெரிய பிரச்சினையே அது வெளியே பார்க்கச் சோம்பேறித்தனம் மாதிரி தெரியுறதுதான்.

சட்டம் திறந்த கதவு

இதை ஒரு மாணவர் பிரச்சினையா முதலில் பார்க்கத் தொடங்கின இடங்களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா ஒண்ணு. அங்கே கோஸ்ட்லைன் என்ற சமுதாயக் கல்லூரி 1978லேயே மூளைக்காயம் பட்ட பெரியவர்களுக்குன்னு தனிப் பாடத்திட்டம் தொடங்கியது. 1980ல் மாசசூசெட்ஸில், விபத்தில் அடிபட்ட மகளுக்காகப் போராடின மர்லின் ஸ்பிவாக் என்ற அம்மா, தேசிய தலைக்காய அறக்கட்டளை உருவாகக் காரணமா இருந்தார்.

பின்னணியில் சட்டம் இருந்தது. 1973ன் மறுவாழ்வுச் சட்டம், பிரிவு 504: மத்திய அரசுப் பணம் வாங்குற எந்த நிறுவனமும் மாற்றுத்திறனைக் காரணம் காட்டி ஒருத்தரை ஒதுக்கக் கூடாது. சட்டம் வந்தும் விதிமுறைகளில் கையெழுத்துப் போடாம இழுத்தடிச்சாங்க. 1977ல் மாற்றுத்திறனாளிகள் சான் ஃபிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகத்துக்குள்ளேயே வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடித்தான் கையெழுத்து வந்தது. 1990ல் பள்ளிக் கல்விச் சட்டத்தைத் திருத்தும்போது விபத்தால் வரும் மூளைக்காயத்தை அமெரிக்கா ஒரு தனி வகையாகவே பேர் சொல்லிச் சேர்த்தது.

ஆனா இதில் ஒரு சிக்கல் இருக்கு. பள்ளியில், குழந்தைக்கு என்ன தேவைன்னு கண்டுபிடிக்கிறது பள்ளியோட பொறுப்பு. கல்லூரியில் அந்தப் பொறுப்பு மாணவருக்கு வந்துடுது. அவரே போய், எனக்கு இந்தக் குறை இருக்குன்னு சொல்லி, சான்றிதழ் காட்டி, இன்ன உதவி வேணும்னு கேட்கணும். சரியான அலுவலகத்தைக் கண்டுபிடிக்கணும், தேதிக்குள் படிவம் கொடுக்கணும், ஒவ்வொரு பேராசிரியர்கிட்டயும் நினைவுபடுத்தணும். திட்டமிடுறது, ஞாபகம் வச்சுக்கிறது, தானா முன்வந்து தொடங்குறது. காயம் எதையெல்லாம் எடுத்துக்கிட்டதோ, அதையெல்லாம் உதவி வாங்குறதுக்கான தகுதியா சட்டம் கேட்குது. இன்னைக்கும் பல இடங்களில் இதுதான் நிலைமை.

நோட்டுப் புத்தகத்திலிருந்து பேஜருக்கு

சரி, கருவிகளுக்கு வருவோம். எண்பதுகள் வரைக்கும் முக்கியமான கருவி ஒரு நோட்டுப் புத்தகம். இன்னைக்கு என்ன செய்யணும், யாரைப் பார்த்தேன், எங்கே போகணும், எல்லாத்தையும் அதில் எழுதி வைக்கணும். வாங்கிக் கொடுத்தாங்க. பெரும்பாலும் அது பைக்குள்ளயே கிடந்தது. ஏன்னா நோட்டைப் பார்க்கணும்ங்கிறதே மறந்து போகும்!

1989ல் சோல்பெர்க், மடீர் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. நினைவு நோட்டைப் பயன்படுத்த மூணு கட்டமா பயிற்சி கொடுக்கணும்னு சொன்னாங்க. முதலில் நோட்டில் எந்தப் பகுதி எதுக்குன்னு கத்துக்கணும். அடுத்து, அதை எப்போ எப்படிப் பயன்படுத்துறதுன்னு நடிச்சுப் பார்க்கிற மாதிரி பழகணும். கடைசியா வெளியே போய் நிஜ வாழ்க்கையில் பயன்படுத்தணும். கேட்க ரொம்பச் சாதாரணமா இருக்கு இல்லையா? ஆனா பொருளைக் கொடுத்தா போதும்னு இருந்த எண்ணத்தை அது உடைச்சது.

அடுத்த அடியை எடுத்து வச்சவர் ஒரு அப்பா. லாரி ட்ரெட்கோல்ட், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த இன்ஜினியர். அவர் மகனுக்குத் தலையில் அடிபட்டிருந்தது. நீல் ஹெர்ஷ் என்ற நரம்பு உளவியலாளரோடு சேர்ந்து 'நியூரோபேஜ்' என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். தொண்ணூறுகளில் டாக்டர்கள் இடுப்பில் மாட்டியிருந்த பேஜர் ஞாபகம் இருக்கா? உங்களுக்கு இருக்காது, அப்பா அம்மாகிட்ட கேளுங்க. ஒரு கம்ப்யூட்டரில் அவரவர் பட்டியலை ஏத்தி வைப்பாங்க. காலை 8 மணிக்கு மாத்திரை, 10 மணிக்குக் கிளம்பணும், இப்படி. நேரம் வந்ததும் பேஜர் ஒலிக்கும் அல்லது அதிரும். ஒரே ஒரு பெரிய பொத்தான். அழுத்தினா செய்தி வரும். அவ்வளவுதான்.

நோட்டு நம்மளைக் கூப்பிடாது, பேஜர் கூப்பிடும். பார்க்கணும்னு ஞாபகம் வச்சிருக்க வேண்டிய வேலையையே அது எடுத்துக்கிச்சு. பட்டியல் போடுறது, நேரம் அமைக்கிறது மாதிரி கஷ்டமான வேலை எல்லாம் வேற யாரோ செய்வாங்க. அடிபட்டவர் செய்ய வேண்டியது ஒரு பொத்தானை அழுத்துறது மட்டும். தன் மகனால் எது முடியும், எது முடியாதுன்னு தினமும் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருத்தர் செஞ்ச கருவி அது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பார்பரா வில்சன் குழு இதைச் சோதிச்சது. 1997ல் வெளியான முதல் ஆய்வில் 15 பேர். பேஜர் வர்றதுக்கு முன்னாடி அவங்க செய்ய நினைச்ச வேலைகளில் சராசரியா 37 சதவீதம்தான் நடந்தது. பேஜர் இருந்தப்போ 85 சதவீதம். பேஜரைத் திரும்ப வாங்கின பிறகும் 74 சதவீதம். 2001ல் 143 பேரோடு பெரிய ஆய்வு. சோதனையை முடிச்சவங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் தெளிவான முன்னேற்றம் காட்டினாங்க.

அந்த 74ஐ மறுபடி பாருங்க. கருவி போன பிறகும் பழையபடி கீழே விழலை. சில வாரம் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செஞ்சதில் அது பழக்கமாகிடுச்சு. "மெஷினைக் கொடுத்தா மூளை சோம்பேறியாயிடும்"னு சொல்றவங்களுக்கு இந்த எண்ணைக் காட்டலாம்.

பேச்சைப் பிடித்து வைத்த பேனா

2008ல் லைவ்ஸ்க்ரைப் என்ற நிறுவனம் ஒரு ஸ்மார்ட் பேனாவைக் கொண்டுவந்தது. முனையில் ஒரு சின்ன கேமரா, உள்ளே மைக். கண்ணுக்குச் சரியாத் தெரியாத புள்ளிகள் அச்சடிச்ச தனிப் பேப்பரில் எழுதணும். எந்த வார்த்தையை எழுதின நேரத்தில் என்ன பேச்சு நடந்ததுன்னு பேனா சேர்த்து வச்சுக்கும். வீட்டுக்குப் போய் அந்த வார்த்தை மேல பேனாவை வச்சுத் தட்டினா, பேராசிரியர் அந்த நொடி பேசினது ஒலிக்கும்.

நாலு வேலைன்னு சொன்னேன் இல்லையா? இந்தப் பேனா அதைப் பிரிச்சு வச்சது. வகுப்பில் கேட்டா போதும், குறிப்புக்கு ஒரு வார்த்தை எழுதினா போதும். மீதியை ராத்திரி, நம்ம வேகத்தில், எத்தனை தடவை வேணும்னாலும் கேட்கலாம்.

அதே காலத்தில் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் குண்டு வெடிப்பில் சிக்கித் திரும்பின அமெரிக்க வீரர்கள் நிறையப் பேர் கல்லூரியில் சேர்ந்தாங்க. அந்தப் போர்களின் அடையாளக் காயம்னே மூளைக்காயத்தைச் சொல்வாங்க. 2013ல் கென்ட் ஸ்டேட், பாஸ்டன், வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகங்கள் 'ப்ராஜெக்ட் கரியர்' என்ற திட்டத்தைத் தொடங்கின. மூளைக்காயம் உள்ள மாணவர்களுக்கு, முன்னாள் வீரர்களும் இதில் உண்டு, ஐபேட் கொடுத்தாங்க. யாருக்கு எந்த ஆப் பொருந்தும்னு ஒவ்வொருத்தரையா மதிப்பிட்டு, பழக்கி, வேலைக்குப் போற வரைக்கும் கூட வந்தாங்க.

இந்த மதிப்பீடு ஏன் முக்கியம்? 1993ல் அமெரிக்காவில் பலவகை மாற்றுத்திறன் உள்ள 227 பேரிடம் நடந்த ஆய்வில், வாங்கின உதவிக் கருவிகளில் 29 சதவீதத்தை அடியோட தூக்கிப் போட்டிருந்தாங்க. முக்கியக் காரணங்களில் ஒண்ணு, தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்தப் போறவரோட கருத்தைக் கேட்காதது.

நம்ம கையில் இருக்கிறது

இப்போ ஒரு வேடிக்கையைக் கவனிச்சீங்களா? பேஜர் செஞ்சதையும் பேனா செஞ்சதையும் உங்க பாக்கெட்ல இருக்கிற போன் செய்யும். அலாரம், காலண்டர், ரெக்கார்டிங், எழுத்தை வாசிச்சுக் காட்டுறது, பேச்சை எழுத்தாக்குறது, எல்லாம் இருக்கு. எல்லார் கையிலும் இருக்கிறதால, இதைப் பயன்படுத்துறவரை யாரும் விநோதமா பார்க்கப் போறதில்லை. கருவி இன்னைக்குப் பெரிய பிரச்சினையே இல்லை.

இந்தியாவில் 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியல் போடுது. விபத்தால் வரும் மூளைக்காயம் அதில் பேர் சொல்லி இல்லை. காயத்தால் கை கால் பாதிச்சிருந்தா ஒரு வகையில் வரலாம், பேச்சு பாதிச்சிருந்தா இன்னொரு வகையில் வரலாம். ஞாபகமும் கவனமும் மட்டும் போனவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்? அதே சட்டம் தேர்வில் கூடுதல் நேரம், ஸ்க்ரைப் எல்லாம் தரணும்னு சொல்லுது. ஆனா பட்டியலில் பேர் இல்லாதப்போ அதைக் கேட்டு வாங்குறது சுலபமில்லை. அமெரிக்கா 1990ல் எழுதின அந்த ஒரு வரி நம்ம சட்டத்தில் இன்னும் இல்லை.

வரி வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். லெக்சரை ரெக்கார்ட் பண்ண ஒரு பேராசிரியர் அனுமதி கொடுக்கிறதுக்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. ஒரு கிளாஸ்மேட் தன் நோட்ஸைப் போட்டோ எடுத்து அனுப்புறதுக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. விபத்துக்கு அப்புறம் திரும்பி வந்த ஒருத்தரோட போனில், அவர்கிட்டயே கேட்டு, அவருக்கு ஒத்து வர்ற நேரத்தில் ரிமைண்டர்களைப் போட்டுக் கொடுங்க. அதை அவர் பழகுற வரைக்கும் ரெண்டு வாரம் கூட இருங்க. நியூரோபேஜ் செஞ்சது ஏறக்குறைய இதைத்தான்.

உங்க கிளாஸ்ல ஒரு செமஸ்டர் விட்டு வந்தவர் யாராவது இருந்தா, "எப்படி இருக்கே"ன்னு கேட்கிறதோட நிறுத்தாதீங்க. "லெக்சர்ல எது கஷ்டமா இருக்கு"ன்னு கேளுங்க. அதுக்கு வர்ற பதிலை வச்சுத்தான் எந்தக் கருவின்னு முடிவு பண்ண முடியும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். வண்டி எடுக்கும்போது ஹெல்மெட்டைத் தலையில் மாட்டுங்க, ஹேண்டில்ல மாட்டாதீங்க.